நூலக அலமாரிக்கு யார் எஜமானர்?

ஏழைத் தொழிலாளி காசு கொடுக்காமல் உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு மணி நேரம் இருக்கக்கூடிய இடங்கள் ஒரு பெருநகரில் மிகச் சில. கோயில் ஒன்று, பூங்கா ஒன்று. மூன்றாவது இடம் பொது நூலகம். ஷிப்டு முடிந்து வருபவரும், ஆபீஸ் விட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் குமாஸ்தாவும் அங்கே ஒரே பத்திரிகையின் இரு பக்கங்களைப் பங்கிட்டுப் படிக்கிறார்கள். அந்தப் பத்திரிகை அங்கே ஏன் வருகிறது, வேறொரு பத்திரிகை ஏன் வருவதில்லை, அலமாரியில் எந்தப் புத்தகம் இருக்கலாம், எது கூடாது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

2025-ம் ஆண்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரு இடங்களில் இந்தக் கேள்வி எழுந்தது. ஓரிடம் காஷ்மீர். மற்றொன்று அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம். இரண்டிலும் சர்க்கார் தரப்பு சொன்னது வேறு வேறு காரணம். ஆனால் இரண்டிலும் நஷ்டம் ஒருவருக்குத்தான்: புத்தகத்தை விலை கொடுத்து வாங்க இயலாத வாசகருக்கு.

இருபத்தைந்து நூல்கள்

2025 ஆகஸ்டு 5-ம் தேதி ஜம்மு-காஷ்மீர் உள்துறை ஓர் உத்தரவு பிறப்பித்தது. 25 நூல்கள் பறிமுதலுக்கு உரியவை என்று அதில் அறிவிக்கப்பட்டது. அவை பொய்யான கருத்துக்களைப் பரப்புகின்றன, பிரிவினையைத் தூண்டுகின்றன என்பது கூறப்பட்ட காரணம். பட்டியலில் அருந்ததி ராயின் நூல் உண்டு. சட்ட நிபுணராகவும் சரித்திர ஆராய்ச்சியாளராகவும் பெயர் பெற்ற காலஞ்சென்ற ஏ.ஜி. நூரானியின் நூல் உண்டு. சுமந்திர போஸ், விக்டோரியா ஸ்கோஃபீல்டு, பத்திரிகையாளர் அனுராதா பாசின் ஆகியோரின் நூல்களும் உண்டு. பல நூல்கள் உலகப் புகழ் பெற்ற பிரசுர நிறுவனங்கள் வெளியிட்டவை. ஆண்டுக்கணக்கில் கடைகளிலும் நூலகங்களிலும் இருந்தவை. உத்தரவுக்குப் பின் போலீசார் ஸ்ரீநகர் புத்தகக் கடைகளில் சோதனை நடத்தினர்.

இந்த உத்தரவுக்கு ஆதாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98-வது பிரிவு. பெயர் புதிது, சரக்கு பழையது. பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 95-வது பிரிவே இது. ஒரு மாநில சர்க்கார் இதன்படி ஒரு நூலைப் பறிமுதலுக்கு உரியது என்று அறிவித்துவிட்டால், அதன் பிரதி இந்தியாவில் எங்கு கண்டாலும் போலீஸ் அதிகாரி கைப்பற்றலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே ஸ்ரீநகரில் இடப்பட்ட கையெழுத்தின் வீச்சு ஸ்ரீநகரோடு நிற்பதில்லை. பெங்களூர் கப்பன் பூங்காவில் உள்ள நூலகத்தின் அலமாரியையும் அது எட்டக்கூடும்.

தடையை எதிர்த்தவர்கள் முதலில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். ஹைகோர்ட்டுக்குப் போகும்படி அங்கே சொல்லப்பட்டது. சட்டமும் அப்படித்தான் வழி வகுத்திருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் ஹைகோர்ட்டில் மனு கொடுக்க வேண்டும். குறைந்தது மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அதை விசாரிக்க வேண்டும். அதன்படி ஹைகோர்ட்டில் மனுக்கள் தாக்கலாயின.

தேசத்தின் ஒற்றுமைக்கு ஊறு விளைவிக்கும் எழுத்தைத் தடுக்க சர்க்காருக்கு அதிகாரம் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்தே பேச்சு சுதந்திரத்தைக் கொடுத்து, அதே மூச்சில் நியாயமான கட்டுப்பாடுகளையும் அனுமதிக்கிறது. இந்தியாவின் இறையாண்மை, ராஜ்யத்தின் பாதுகாப்பு, பொது அமைதி, ஒழுக்கம் என்று அந்தக் கட்டுப்பாடுகளுக்கான காரணங்கள் எண்ணிச் சொல்லப்பட்டிருக்கின்றன. கேள்வி அதிகாரத்தைப் பற்றியதல்ல. அது எவ்வளவு நுணுக்கமாகப் பிரயோகிக்கப்படுகிறது என்பதைப் பற்றியது. ஒரு நூலின் எந்தப் பகுதி எந்தக் குற்றத்தைத் தூண்டுகிறது என்று நூல்வாரியாக விளக்காமல் 25 நூல்களை ஒரே பட்டியலில் அடக்கினால், சரித்திர ஆராய்ச்சியும் துண்டுப் பிரசுரமும் ஒரே தராசில் நிறுக்கப்படும்.

டெக்ஸாஸ் தீர்ப்பு

டெக்ஸாஸ் மாநிலத்தில் லானோ என்பது ஒரு சிறிய கவுண்டி. 2021-ல் அங்குள்ள பொது நூலகங்களிலிருந்து 17 புத்தகங்கள் எடுக்கப்பட்டன. சில, குழந்தைகளுக்கான வேடிக்கைக் கதைகள். சில, பருவ வயதினருக்கு உடற்கூற்றை விளக்குபவை. கறுப்பு இனத்தவருக்கு எதிராகக் கொடுமை புரிந்த கூ க்ளக்ஸ் க்ளான் இயக்கத்தின் சரித்திரம் ஒன்று. இசபெல் வில்கர்சன் எழுதிய சாதியைப் பற்றிய நூல் ஒன்று. இந்த நூலுக்கும் இந்தியாவுக்கும் நேரான சம்பந்தம் உண்டு. இந்தியாவின் சாதி முறையையும் அமெரிக்காவின் நிறவேற்றுமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அது. அம்பேத்கரைப் பற்றியும் பேசுகிறது.

வாசகர்கள் சிலர் வழக்குத் தொடர்ந்தனர். 2023-ல் கீழ்க்கோர்ட்டு நீதிபதி புத்தகங்களைத் திரும்ப வைக்கும்படி உத்தரவிட்டார். நூலகங்களையே மூடிவிடலாமா என்று கவுண்டி நிர்வாகம் கூட்டம் போட்டு ஆலோசித்தது. பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டது. 2025 மே மாதம் அப்பீல் கோர்ட்டின் முழு பெஞ்சு, 10 நீதிபதிகள் ஒரு பக்கமும் 7 பேர் மறுபக்கமுமாகப் பிரிந்து, கவுண்டி நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பொது நூலகம் எந்த நூலை வைப்பது, எதை நீக்குவது என்பது சர்க்காரின் சொந்தப் பேச்சுக்குச் சமம் என்று அந்தப் பக்கத்து நீதிபதிகளில் பலர் கருதினர். வாசகர் அதைக் கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். நூலகத்தில் ஒரு புத்தகம் இல்லாவிட்டால் வாசகர் கடையில் வாங்கிக்கொள்ளலாம், நண்பரிடம் இரவல் பெறலாம் என்றும் சொல்லப்பட்டது. 2025 டிசம்பரில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு இந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

கடையில் வாங்கலாம் என்பது வாங்க வசதி உள்ளவருக்கு ஏற்ற வார்த்தை. வாடகை, பஸ் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுவதில் மாதம் ஒரு புத்தகம் வாங்குவது எத்தனை குடும்பங்களுக்கு முடியும்? நூலகம் ஏற்பட்டதே கடைக்குப் போக முடியாதவருக்காகத்தான். அவரைப் பார்த்துக் கடைக்குப் போ என்பது, சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்தவரைப் பெரிய நர்சிங் ஹோமுக்குப் போ என்பதைப் போன்றது.

பத்திரிகைப் பட்டியல்

புத்தகத்துக்கு நேர்ந்தது பத்திரிகைக்கும் நேர்ந்திருக்கிறது. தடை உத்தரவு இல்லாமலே நேர்ந்தது என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது.

2012 மார்ச் மாதம் மேற்கு வங்க சர்க்கார் தன் நூலகங்களுக்கும் தன்னிடம் மானியம் பெறும் நூலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சர்க்கார் பணத்தில் வாங்கக்கூடிய பத்திரிகைகள் எட்டு மட்டுமே என்று அதில் குறிக்கப்பட்டிருந்தது. வங்காளி, ஹிந்தி, உருது பத்திரிகைகள் இருந்தன. ஆங்கிலப் பத்திரிகை ஒன்றுகூட இல்லை. மாநிலத்தில் மிக அதிகமாக விற்கும் வங்காளிப் பத்திரிகைகளும் இல்லை. அரசியல் கட்சிகள் நடத்தும் பத்திரிகைகளை வாங்குவதில்லை, வாசகர்களிடையே சுதந்திரச் சிந்தனையை வளர்ப்பதே நோக்கம் என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் பட்டியலில் இடம் பெற்ற சில பத்திரிகைகளோடு சம்பந்தப்பட்டவர்கள் ஆளுங்கட்சியின் சார்பில் ராஜ்யசபை உறுப்பினர்களாக இருந்தார்கள் அல்லது விரைவில் ஆனார்கள். கண்டனம் பலமாக எழுந்தது. பட்டியல் நீட்டப்பட்டது. ஆனால் பட்டியல் போடும் வழக்கம் தவறு என்று சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கே எந்தப் பத்திரிகையும் தடை செய்யப்படவில்லை. எவரும் கைதாகவில்லை. கடைகளில் எல்லாம் கிடைத்தன. கிராமத்து நூலகத்துக்கு நடந்து வந்து படித்த மனிதருக்கு மட்டும் ஒரு பக்கத்துச் செய்தி நின்றுபோனது. 1972-ல் பத்திரிகைக் காகித வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இந்த இடத்தில் நினைவுக்குரியது. பத்திரிகை சுதந்திரம் என்பதில் மக்கள் படிக்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது என்று அந்தத் தீர்ப்பு கூறியது. எழுதுகிறவருக்கும் அச்சிடுகிறவருக்கும் மட்டுமே உரிய சொத்து அல்ல அந்த சுதந்திரம்.

நடத்தை வேறு, கருத்து வேறு

நூலகத்துக்கு விதிகளே கூடாது என்று யாரும் வாதிடவில்லை. உரக்கப் பேசக் கூடாது; பக்கத்தைக் கிழிக்கக் கூடாது; ஒருவரே ஒரு பத்திரிகையை மணிக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்கள் சொந்தப் புத்தகங்களோடு வந்து காலை முதல் இரவு வரை இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், பத்திரிகை படிக்க வரும் முதியவர் நிற்க வேண்டியிருக்கிறது என்ற புகார் பல நகரங்களில் உண்டு. இதற்கெல்லாம் விதி வேண்டியதுதான். ஆனால் எப்படி உட்கார வேண்டும் என்ற விதி வேறு. உட்கார்ந்து எதைப் படிக்க வேண்டும் என்ற விதி வேறு. முதலாவது நூலகரின் அதிகாரம். இரண்டாவதில் அவர் மிகுந்த தயக்கத்துடன்தான் கை வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் நடந்த இரண்டு பழைய வழக்குகள் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக்குகின்றன. 1964 மார்ச் 7-ம் தேதி, லூசியானா மாநிலத்தின் க்ளிண்டன் என்ற ஊரில், ஐந்து கறுப்பு இளைஞர்கள் பொது நூலகத்துக்குள் போனார்கள். அங்கே வெள்ளையருக்குப் புத்தகம் கொண்டு போகும் வண்டி சிவப்பு, கறுப்பருக்கு நீலம். நூலகக் கட்டடம் வெள்ளையருக்கு என்பது வழக்கம். ஒருவர் ஒரு புத்தகத்தைக் கேட்டார். இல்லை, தருவித்துத் தருகிறோம் என்று பதில் வந்தது. வெளியே போகச் சொன்னபோது அவர்கள் போகவில்லை. கத்தவில்லை; எதையும் உடைக்கவில்லை. ஒருவர் உட்கார்ந்திருந்தார், மற்றவர்கள் நின்றிருந்தார்கள். சிறிது நேரத்தில் போலீஸ் வந்து அமைதியைக் குலைத்ததாகக் கைது செய்தது. 1966-ல் சுப்ரீம் கோர்ட்டு 5-க்கு 4 என்ற கணக்கில் தண்டனையை ரத்து செய்தது. மௌனமாக நின்றதும் ஒரு வகைப் பேச்சே. அந்தப் பேச்சுக்காகத்தான் தண்டித்திருக்கிறீர்கள் என்பது தீர்ப்பின் பொருள். இளைஞர் கேட்ட புத்தகம் பின்னால் தபாலில் வந்து சேர்ந்தது. திருப்பிக் கொடுப்பதானால் தபாலில் அனுப்பவும் அல்லது நீல வண்டியில் கொடுக்கவும் என்ற குறிப்போடு.

இதற்கு நேர்மாறானது 1992-ம் ஆண்டுத் தீர்ப்பு. நியூஜெர்ஸி மாநிலத்தின் மாரிஸ்டவுன் நூலகத்தில் வீடற்ற ஒருவரை வெளியேற்றினார்கள். பிற வாசகர்களை முறைத்துப் பார்க்கிறார், அவரிடமிருந்து வரும் துர்நாற்றம் தாங்க முடியவில்லை என்பது புகார். கீழ்க்கோர்ட்டு அவர் பக்கம் நின்றது. அப்பீல் கோர்ட்டு நூலகத்தின் விதிகளை ஏற்றது. ஆனால் அதே தீர்ப்பில் ஒன்றை உறுதியாகச் சொன்னது. பொது நூலகத்தில் செய்தியையும் கருத்தையும் பெறுவது குடிமக்களின் உரிமை. விதிகள் அந்த உரிமைக்கு இடம் விட்டு, நடத்தையை மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். லானோ தீர்ப்பு இந்தப் போக்கிலிருந்து விலகிச் செல்கிறது என்பதால்தான் அதைக் குறித்து இவ்வளவு கவலை.

கம்ப்யூட்டர் வந்தபின் கோடு இன்னும் மெலிந்துவிட்டது. ஆபாசப் படங்களைத் தடுக்கும் சல்லடையைப் பொருத்தினால்தான் மத்திய உதவி என்று அமெரிக்கா 2000-ல் சட்டம் செய்தது. 2003-ல் சுப்ரீம் கோர்ட்டு 6-க்கு 3 என்று அதை ஏற்றது. வயது வந்த வாசகர் கேட்டால் சல்லடையை நீக்கித் தரலாம் என்பது அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரமாயிற்று. குழந்தைக்குப் போடும் வேலி பெரியவருக்குச் சிறையாகக் கூடாது என்பதே அதன் நியாயம்.

தேர்வா, தணிக்கையா?

ஓர் ஆட்சேபம் இங்கே வரும். எந்த நூலகத்திலும் எல்லாப் புத்தகமும் இருக்க முடியாது. பணம் குறைவு, அலமாரி குறைவு. நூலகர் பொறுக்கித்தான் ஆக வேண்டும். பொறுக்குவதில் சில விடுபடும். விடுபட்டதெல்லாம் தணிக்கை என்றால் நூலகமே நடக்காது. இது நியாயமான வாதம்.

ஆனால் பொறுக்குவதற்கும் ஒதுக்குவதற்கும் இடையே அடையாளம் காண முடியும். மூன்று கேள்விகள் போதும். தீர்மானித்தவர் நூலகம் தெரிந்தவரா, நூலகத்துக்கு வெளியே இருந்து அழுத்தம் கொடுத்தவரா? காரணம் எழுத்தில் இருக்கிறதா? அந்தக் காரணத்தை எதிர்த்து முறையிட ஓர் இடம் இருக்கிறதா? மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்தால் அது தேர்வு. கிடைக்காவிட்டால், பெயர் என்னவாக இருந்தாலும், அது தணிக்கை.

எழுத்தில் காரணம் வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. சல்மான் ருஷ்டியின் நாவலை இறக்குமதி செய்ய 1988 அக்டோபரில் மத்திய சர்க்கார் தடை விதித்தது. ஒரு வாசகர் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போய் அந்த உத்தரவின் நகலைக் கேட்டார். எந்த அதிகாரியாலும் அதைக் காட்ட முடியவில்லை. அப்படி ஓர் உத்தரவு இல்லை என்றே கருத வேண்டும் என்று 2024 நவம்பரில் ஹைகோர்ட்டு வழக்கை முடித்தது. ஒரு காகிதம் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே 36 ஆண்டுகள் ஒரு தடை அமலில் இருந்திருக்கிறது. அந்த நூல் நல்லதா, மனத்தைப் புண்படுத்துவதா என்பது வேறு விவாதம். கண்ணில் காணாத உத்தரவுக்கு ஒரு தேசமே கட்டுப்பட்டது என்பதுதான் இங்கே பாடம்.

வாசகரும் வழக்காடலாம்

தடை வந்தால் எழுத்தாளரும் பிரசுரகர்த்தரும்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பம்பாயில் நடந்த வழக்கு அதைப் பொய்யாக்கியது. சத்ரபதி சிவாஜியைப் பற்றி ஜேம்ஸ் லேய்ன் எழுதிய நூலை முன்னிட்டு, 2004 ஜனவரியில் புனாவின் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கூட்டம் புகுந்து சூறையாடியது. நூலாசிரியருக்கு அந்த நிலையத்தில் சிலர் உதவினார்கள் என்பது கோபத்துக்குக் காரணம். அரிய நூல்களும் சுவடிகளும் சேதமடைந்தன. மகாராஷ்டிர சர்க்கார் நூலைத் தடை செய்தது. தடையை எதிர்த்து பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனவர்கள் ஒரு வழக்கறிஞரும், ஒரு டாகுமெண்டரிப் பட இயக்குநரும், ஒரு சமூக ஊழியரும். 2007-ல் ஹைகோர்ட்டு தடையை ரத்து செய்தது. 2010 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு சர்க்காரின் அப்பீலைத் தள்ளியது. ஆக, இந்தியச் சட்டம் வாசகரை வாசலில் நிறுத்திவிடவில்லை. லானோ வாசகர்களுக்கு அடைபட்ட கதவு இங்கே திறந்திருக்கிறது. திறந்த கதவை உபயோகிக்காவிட்டால் அதுவும் துருப்பிடித்துப் போகும்.

பெங்களூர் வாசகர் கவனத்துக்கு

பெங்களூர்த் தமிழருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி உறவு உண்டு. இந்திய நூலக இயக்கத்தின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர், சென்னையில் பணிபுரிந்தவர், கடைசிக் காலத்தை இந்த நகரில் கழித்து 1972-ல் இங்கேயே மறைந்தவர். 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளை உலகமெங்கும் நூலகர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, உபயோகத்துக்கு என்பது முதல் விதியின் கருத்து. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்தால் காஷ்மீரையும் லானோவையும் மேற்கு வங்கத்தையும் எடைபோட வேறு அளவுகோல் தேவையில்லை.

1948-ல் சென்னை மாகாணத்திலும் 1965-ல் மைசூர் ராஜ்யத்திலும் பொது நூலகச் சட்டங்கள் வந்தன. இரண்டிலும் ஒரு முக்கிய ஏற்பாடு, நூலகத்துக்கென்று தனி வரி. கர்நாடகத்தில் சொத்து வரியின் மேல் 6 சதவீதம் நூலக வரியாக வசூலாகிறது. வரியைக் கட்டுகிறவர் வீட்டுச் சொந்தக்காரர். ஆனால் அந்தச் சுமை வாடகையில் ஏறித்தான் வருகிறது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஒற்றை அறையில் குடியிருப்பவரும் மாதா மாதம் நூலகத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். வசூலித்த வரியை மாநகராட்சி நூலகத் துறைக்குக் கொடுக்காமல் பாக்கி வைக்கிறது என்ற புகார் நெடுங்காலமாக உண்டு. 2025-ல் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. கணக்கும் ஐந்தாகப் பிரிந்த நிலையில் வாசகரின் பணம் எங்கே நிற்கிறது என்று கேட்பது இன்னும் அவசியமாகிறது. ஏனெனில் பணமில்லாத நூலகத்தில் தணிக்கை செய்யத் தனியாக ஓர் உத்தரவு தேவையில்லை. பணமில்லை என்ற ஒரே பதிலில் எல்லாப் புத்தகமும் அடங்கிவிடும்.

கர்நாடகத்தின் நூலகத்தில் கன்னடத்துக்கு முதலிடம் இருப்பது நியாயம். அதில் தமிழருக்கு வருத்தம் இருக்க வேண்டியதில்லை. தமிழர் மிகுதியாக வசிக்கும் பகுதியின் கிளை நூலகத்தில் தமிழ்ப் பத்திரிகையும் தமிழ் நூலும் வேண்டும் என்று கேட்பது அதற்கு விரோதமானதல்ல. சென்னையில் வசிக்கும் கன்னடியர் கன்னட நூல் கேட்பது எப்படியோ அப்படித்தான் இதுவும். கேட்பதை வாய்மொழியாகக் கேட்காமல், பெயர், விலாசத்துடன் எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில், இந்த ஆண்டு எந்தப் பத்திரிகைகள், எந்த நூல்கள், யார் தேர்ந்தெடுத்து வாங்கப்பட்டன என்று கேட்கலாம். ஒருவர் கேட்டால் அது விண்ணப்பம். ஐம்பது பேர் கேட்டால் அது அந்தப் பேட்டையின் தேவை.

அப்படிக் கேட்கும்போது தமிழர் ஒன்றை மறக்கலாகாது. தமக்குப் பிடித்த நூல் வேண்டும் என்று கேட்கும் உரிமை, தமக்குப் பிடிக்காத நூலை அடுத்த நாற்காலிக்காரர் கேட்கும் உரிமையோடு பிறந்தது. ஒரு தலைவரைக் குறை சொல்லும் நூலையோ, ஒரு சமூகத்தின் மனம் கசக்கும் சரித்திரத்தையோ எடுத்துவிடு என்று தமிழர் கூட்டமே கோஷமிட்ட சந்தர்ப்பங்கள் தமிழ்நாட்டிலும் இல்லாமல் இல்லை. ஒரு கூட்டத்தின் சத்தத்துக்குப் பயந்து இன்று ஒரு நூலை இறக்கிய நூலகர், நாளை வேறொரு கூட்டத்துக்காக மற்றொரு நூலை இறக்குவார். நூலகத்தில் அமைதி காக்க வேண்டும் என்ற பலகை வாசகருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. வாசலில் நின்று மிரட்டுபவருக்கும் அது பொருந்தும்.

நூலக அலமாரிக்கு எஜமானர் மந்திரி அல்ல, நூலகரும் அல்ல. வரி கட்டிவிட்டு, மாலையில் களைத்து வந்து, பத்திரிகையின் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு எழுந்து போகிறாரே, அவர்தான். அவர் அதை உணராதவரை, அவர் பெயரில் வேறு யாராவது தீர்மானித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.